உச்சி, சொத்தோ: ஜப்பானியரின் உள்ளும் வெளியும்

ஜப்பானைப் பற்றிப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒரு குணப்பட்டியல். பணிவு, சுத்தம், நேரந்தவறாமை, கூச்சம். பட்டியலில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எதையும் புரிந்துகொள்ளவும் முடியாது. கடையில் வாடிக்கையாளரைப் பார்த்ததும் இடுப்பு வளையக் குனிகிறவர், காலை நெரிசலில் முன்பின் தெரியாதவர்களை முதுகால் நெம்பிக்கொண்டு ரயிலில் ஏறுகிறார். பகலில் மேலாளர் எதிரே வாய் திறக்காதவர், இரவு மதுக்கடையில் அதே மேலாளரிடம் மனக்குறையைக் கொட்டுகிறார். பணிவு என்ற ஒரே சொல்லால் இதையெல்லாம் விளக்க முடியாது. இரண்டு சொற்கள் பெருமளவு விளக்கும்: உச்சி, சொத்தோ.

உச்சி என்றால் உள்ளே. சொத்தோ என்றால் வெளியே. நம் உச்சந்தலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உச்சிக்கு வீடு என்றும் பொருள் உண்டு, நம்மவர் என்றும் பொருள் உண்டு. தமிழில் ‘அகம்’ உள்ளிடத்தையும் வீட்டையும் சேர்த்துக் குறிக்கிறதே, கிட்டத்தட்ட அப்படி. ‘உச்சி நோ’ என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினால் அடுத்து வருவது எங்கள் பிள்ளையாக இருக்கலாம், எங்கள் தெருவாக இருக்கலாம், எங்கள் கம்பெனியாகவும் இருக்கலாம்.

இதில் முதலில் பிடிபட வேண்டியது, அந்தக் கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது. வீட்டுக்குள் நான் உள், நீ வெளி. பக்கத்துத் தெருக்காரர் வந்தால் நாம் இருவரும் உள். வேறு கம்பெனிக்காரர் வந்தால் நம் கம்பெனி முழுவதும் உள். எதிரே நிற்பவர் யார் என்பதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் கோடு புதிதாகப் போடப்படுகிறது. ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது கண்ணுக்குத் தெரியும்படி கட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து தொடங்குவோம்.

வாசற்படி

ஜப்பானிய வீட்டுக் கதவைத் திறந்ததும் ஒரு சிறு பள்ளமான தரை வரும். சிமென்ட், ஓடு அல்லது கல் பாவியது. இந்த நுழைவிடத்துக்குக் கென்க்கன் என்று பெயர். அதன் விளிம்பில் ஒரு மரப்படி ஏறி, அங்கிருந்து வீட்டுத் தரை தொடங்கும். பழைய வீடுகளில் அந்தப் படி ஒரு சாண் உயரம்கூட இருக்கும். புதிய அடுக்குமாடிகளில் இரண்டு விரற்கடைதான். உயரம் எவ்வளவானாலும் சட்டம் ஒன்றே. பள்ளம் வெளி, மேடு உள். பள்ளத்தில் நிற்கும்வரை நீங்கள் வீட்டுக்குள் வந்ததாகக் கணக்கில்லை. பொட்டலம் கொண்டுவருகிறவர், பக்கத்து வீட்டுக்காரர், கட்டணம் வசூலிக்கிறவர் எல்லாரும் அங்கேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள். கதவு திறந்தது என்பதற்காக உள்ளே அழைத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘மேலே ஏறி வாருங்கள்’ என்பதுதான் அழைப்பு. வினைச்சொல்லே ஏறுவதைத்தான் சொல்கிறது.

நம் ஊரிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே போகிறோம் என்று தோன்றும். உண்மைதான், ஆனால் இங்கே கழற்றும் முறையிலேயே ஒரு வரிசை இருக்கிறது. மேல்கோட்டு இருந்தால் அழைப்புமணியை அழுத்துவதற்கு முன்பே, வெளியிலேயே கழற்றி, உட்புறம் வெளியே தெரியும்படி மடித்துக் கையில் போட்டுக்கொள்ள வேண்டும். தெருத்தூசி உள்ளே வரக் கூடாது. உள்ளே அழைத்ததும் ‘ஒஜாமா ஷிமாஸ்’ என்பார்கள், தொந்தரவு கொடுக்கிறேன் என்று பொருள். பிறகு வீட்டுப்பக்கம் முகம் பார்த்தபடியே காலணியைக் கழற்றி நேரே படிமேல் ஏற வேண்டும். ஏறிய பிறகு சற்றுப் பக்கவாட்டில் திரும்பி மண்டியிட்டு, காலணியின் முனை கதவைப் பார்க்கும்படி திருப்பி, ஓரமாக வைக்க வேண்டும். முதலிலேயே கதவுப்பக்கம் திரும்பி நின்று கழற்றினால் வேலை சுலபம்; ஆனால் வீட்டுக்காரருக்கு முதுகைக் காட்டியதாகிவிடும்.

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, காலணியைக் கழற்றிய காலுறைக் காலைத் தடுமாறி அந்தப் பள்ளத்தில் ஊன்றிவிடுவது. அப்படி ஊன்றினால் அந்தக் கால் அழுக்கு. காலணி கழற்றியதற்கே பயன் இல்லை. இரண்டு, வீட்டுக்குள் கொடுக்கும் செருப்போடு கோரைப்பாய் அறைக்குள் நுழைவது. தத்தாமி என்னும் அந்தத் தடித்த பாய் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 செ.மீ. அகலமும் 180 செ.மீ. நீளமும் கொண்டது, அறையின் அளவையே ‘ஆறு பாய் அறை’ என்று பாயை எண்ணித்தான் சொல்வார்கள். அதன்மேல் காலுறையோ வெறுங்காலோதான், செருப்பு கூடாது. பெட்டியின் சக்கரத்தையும் உருட்டக் கூடாது. மூன்றாவது தவறு பலரைச் சிரிக்கவைப்பது. கழிப்பறைக்குள் தனிச் செருப்பு ஒரு ஜோடி கிடக்கும். அதை மாட்டிக்கொண்டு போனவர், திரும்பி வரும்போது மறந்து அதோடு கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஆக, உள்ளுக்குள்ளும் உள் இருக்கிறது. தெரு, பள்ளம், மரத்தரை, பாய் என்று ஒவ்வோர் அடுக்காக உள்ளே போகிறோம்.

வீட்டை விட்டுப் புறப்படுகிறவர் சொல்வது ‘இத்தெக்கிமாஸ்’. எழுத்துக்கு எழுத்து, ‘போய் வருகிறேன்’. வீட்டிலிருப்பவர் ‘இத்தெராஷ்ஷாய்’ என்பார், ‘போய் வாருங்கள்’. தமிழருக்கு இதைக் கற்பிக்கவே வேண்டாம். திரும்பி வந்ததும் ‘ததாய்மா’, அதற்குப் பதில் ‘ஒகாயேரி’. தனியாகக் குடியிருப்பவர்கள்கூட வெற்று வீட்டைப் பார்த்து ‘ததாய்மா’ சொல்வது உண்டு.

குளியல் தொட்டி

குளியலறையிலும் இதே தர்க்கம். தொட்டி குளிப்பதற்கல்ல, ஊறுவதற்கு. அழுக்கைத் தொட்டிக்கு வெளியே போக்கிவிட்டுச் சுத்தமான உடம்போடு உள்ளே இறங்க வேண்டும். சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, நுரை ஒரு துளியும் மிச்சமில்லாமல் அலசிய பிறகுதான் இறங்குவார்கள். தண்ணீர் 40 முதல் 42 பாகை வரை சூடாக இருக்கும். குடும்பம் முழுவதற்கும் ஒரே தண்ணீர். விருந்தாளிக்கு முதல் வாய்ப்புத் தருவது மரியாதை. அந்த விருந்தாளி வெளிநாட்டவராக இருந்து, குளித்து முடித்ததும் அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரை வெளியேற்றிவிட்டால், வீட்டிலுள்ள மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். வெளியே வந்ததும் மூடியைப் போட்டுவிட்டு வருவதே சரி. பல வீடுகளில் எஞ்சிய நீரை மறுநாள் குழாய்வழி துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இறைத்துக்கொள்வார்கள்.

வெந்நீரூற்றுக் குளியலிலும் இதே முறை. கையில் கொண்டுபோகும் சிறு துண்டு தண்ணீரில் படக் கூடாது. அதனால்தான் மடித்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள்.

மொழிக்குள் இருக்கும் கோடு

ஜப்பானிய மொழியில் அம்மாவுக்கு இரண்டு சொற்கள். உங்கள் அம்மாவைப் பற்றிப் பேசும்போது நான் ‘ஒக்காசான்’ என்பேன், மரியாதைச் சொல். என் அம்மாவைப் பற்றி உங்களிடம் சொல்லும்போது ‘ஹஹா’ என்பேன், அடைமொழி இல்லாத வெறும் சொல். வீட்டில் அம்மாவை நேரே கூப்பிடும்போது மறுபடி ‘ஒக்காசான்’. அப்பா, அண்ணன், அக்கா எல்லாருக்கும் இதே இரட்டை வரிசை உண்டு. மனைவிக்கும் அப்படித்தான். பிறர் மனைவி ‘ஒகுசான்’, அதாவது வீட்டின் உட்பகுதியில் இருப்பவர். தன் மனைவி ‘கனாய்’, வீட்டுக்குள் என்பதே அதன் பொருள். இல்லாள் என்ற நம் சொல்லின் அதே அச்சு. இன்று இளையவர்கள் பலர் கனாய் என்பதை விரும்பாமல் ‘த்சுமா’ என்கிறார்கள்.

இந்தக் கோடு எவ்வளவு தூரம் போகிறது என்பதை ஒரு தொலைபேசி அழைப்பில் பார்க்கலாம். ஓர் அலுவலகம். பிரிவுத் தலைவர் பெயர் தனாகா என்று வைத்துக்கொள்வோம். அவர் மேசைக்குப் போய்ப் பேசும்போது ஊழியர் ‘தனாகா காச்சோ’ என்று பதவியைச் சேர்த்து, வினையையும் உயர்த்தித்தான் பேசுவார். இப்போது வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து அழைப்பு வருகிறது, தனாகா இருக்கிறாரா என்று. அதே ஊழியர் சொல்ல வேண்டிய பதில்: ‘தனாகா இப்போது இடத்தில் இல்லை.’ பெயருக்குப் பின் சேர்க்கும் மரியாதைச் சொல்லான ‘சான்’ இல்லை, பதவி இல்லை, ‘இருக்கிறார்’ என்பதற்கும் தாழ்வான வினை. தமிழில் அப்படியே சொன்னால் ‘தனாகா வெளியே போயிருக்கிறான்’ என்பது போல வரும். வெளியாள் முன்னால் தன் மேலாளரும் ‘உள்’ என்பதால், தன்னைத் தாழ்த்துவது போலவே அவரையும் தாழ்த்த வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரப் பயிற்சியிலேயே இதைச் சொல்லித்தருகிறார்கள். ஜப்பானியர்களுக்கே தடுமாறும் இடம் இது.

இன்னும் முடியவில்லை. அடுத்த அழைப்பு தனாகாவின் மனைவியிடமிருந்து வருகிறது. இப்போது மறுபடி மரியாதை திரும்பிவிடும், ‘தனாகா காச்சோ வெளியே போயிருக்கிறார்’ என்று. ஏனென்றால் அவருக்கு மனைவிதான் நெருங்கிய உள். கம்பெனி அந்தக் கணத்தில் வெளிப்பக்கம் போய்விட்டது.

தமிழில் மரியாதை ஆளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாத்தா யாரிடம் பேசினாலும் ‘தாத்தா வந்தார்’தான். கொரிய மொழியும் பெரும்பாலும் அப்படியே. ஜப்பானிய மரியாதை ஆளில் இல்லை, கேட்கிறவருக்கும் பேசப்படுகிறவருக்கும் நடுவே உள்ள தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் தன் பெயருக்குப் பின்னால் ‘சான்’ சேர்த்துச் சொல்லிக்கொள்வது அங்கே நகைப்புக்குரிய பிழை.

கொடுப்பதற்கான வினைகளில் இது இன்னும் நுணுக்கம். உள்ளிருந்து வெளியே போனால் ‘அகெரு’. வெளியிலிருந்து என் பக்கம் வந்தால் ‘குரேரு’. இரண்டுக்கும் நாம் இன்று ‘கொடு’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை: ‘தா’ தன்மைக்கும் முன்னிலைக்கும், ‘கொடு’ படர்க்கைக்கும் என்று கிளவியாக்கம் பிரித்து வைத்திருக்கிறது. எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். மலையாளம் இந்த வேறுபாட்டை இன்றும் விடவில்லை. ஜப்பானிய மொழி அதற்கும் ஒரு படி மேலே போகிறது. ஆசிரியர் என் தங்கைக்குப் புத்தகம் கொடுத்தார் என்றால் ‘குரேரு’தான் வர வேண்டும். தங்கை இலக்கணத்தில் படர்க்கை. ஆனால் அவள் என் உச்சி. ‘அகெரு’ போட்டால் தங்கையை யாரோ மூன்றாம் ஆளாக்கிவிட்டதாக ஒலிக்கும். ஜப்பானிய மொழி கற்கும் தமிழர்கள் இந்த ஒரு வினையை மனப்பாடம் செய்வதைவிட, கோட்டை மனத்தில் போட்டுப் பார்ப்பதே வழி.

கம்பெனி என்னும் வீடு

உங்கள் தொழில் என்ன என்று கேட்டால், பொறியாளர் என்றோ கணக்காளர் என்றோ சொல்வதைவிட, இன்ன கம்பெனிக்காரன் என்று சொல்வதே ஜப்பானியர் வழக்கம். நகானே சியே என்ற சமூக மானிடவியலாளர் 1960களிலேயே இதை எடுத்துக்காட்டினார். இந்தியாவிலும் களப்பணி செய்தவர் அவர். பிறப்பாலோ தொழிலாலோ வரும் தகுதியை விட, ஒரே கூரையின் கீழ் இருப்பது ஜப்பானில் ஆட்களை இறுக்கமாகச் சேர்க்கிறது என்பது அவர் வாதம். நம் சாதியமைப்பு அதற்கு நேர்மாறான உதாரணம்: ஊர் மாறினாலும் வேலை மாறினாலும் அது கூடவே வரும்.

பெரிய நிறுவனங்களில் படிப்பு முடித்தவர்களை மொத்தமாக எடுத்து ஏப்ரல் 1 அன்று வரவேற்பு விழா நடத்துவார்கள். பள்ளி ஆண்டும் நிதியாண்டும் ஏப்ரலில்தான் தொடங்கும். ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் கடைசிவரை சகபாடிகள். வெளியூர் போய் வருகிறவர் பிரிவில் உள்ள அத்தனை பேருக்கும் ஆளுக்கொன்றாகத் தனித்தனி உறையிட்ட பலகாரப்பெட்டி வாங்கி வர வேண்டும். அந்த ஊர்ப் பலகாரமாக இருப்பது முக்கியம், விலை முக்கியமில்லை. உள்ளே இருப்பதற்கு விலை உண்டு. அளவில்லாத கூடுதல் நேர உழைப்பால் ஆட்கள் இறந்துபோவதற்கு ‘கரோஷி’ என்று தனிச்சொல்லே பிறந்தது. 2019 ஏப்ரலிலிருந்துதான், மீறினால் தண்டனை என்ற உறுதியோடு, கூடுதல் நேரத்துக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்ற பொது வரம்பு வந்தது. மறுபக்கம், ஊழியர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஒப்பந்தமாகவோ பகுதிநேரமாகவோ இருப்பவர்கள். ஒரே மேசையில் உட்கார்ந்தாலும் அவர்கள் முழுக்க உள் அல்ல.

உண்மையான குடும்பத்துக்கு அரசு வைத்திருக்கும் கோடு கொசெக்கி என்னும் குடும்பப் பதிவேடு. நாடு முழுதுக்குமான பதிவேடு 1872இல் வந்தது. 1898 சட்டம் குடும்பத் தலைவருக்குப் பெரும் அதிகாரம் கொடுத்தது. 1947இல் அது ஒழிந்தது. ஆனால் பதிவேடு ஒழியவில்லை. திருமணம் செய்யும் இருவரும் ஒரே குடும்பப்பெயரை எடுக்க வேண்டும் என்று உரிமையியல் சட்டத்தின் 750ஆம் பிரிவு இன்றும் சொல்கிறது. யார் பெயர் என்பது அவர்கள் விருப்பம்; சுமார் 95 சதவீதம் பேர் கணவன் பெயரையே எடுக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் அதைச் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இருக்கை வரிசையும் இதே கணக்கு: கதவிலிருந்து மிகத் தள்ளியிருப்பது உயர்ந்த இடம், கதவோரம் தாழ்ந்த இடம். டாக்சியில் ஓட்டுநருக்குப் பின்னிருக்கை பெரியவருக்கு. வழி சொல்லிப் பணம் கொடுக்கும் இளையவர் முன்னிருக்கையில்.

தெருவும் குப்பையும்

புதிய வீட்டுக்குக் குடிபோனால் எதிரே மூன்று வீடு, இருபக்கமும் ஒவ்வொரு வீடு என்று ஐந்து வீட்டுக்குப் போய் வணக்கம் சொல்வது மரபு. கையில் துண்டோ சோப்போ பலகாரமோ சிறு பொட்டலமாக. நகர அடுக்குமாடிகளில் இது தேய்ந்துவருகிறது. தேயாதது குப்பை விதி.

நகராட்சிக்கு நகராட்சி மாறும், ஆனால் அடிப்படை இது. எரியும் குப்பை வாரத்துக்கு இருமுறை. பிளாஸ்டிக், கண்ணாடி, உலோக டப்பா, காகிதம், பெட் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாள். பெட் பாட்டிலைப் போடுவதற்கு மூடியைக் கழற்ற வேண்டும், சுற்றியிருக்கும் லேபிளை உரிக்க வேண்டும், உள்ளே அலச வேண்டும், நசுக்க வேண்டும். மூடியும் லேபிளும் பிளாஸ்டிக் நாளுக்குப் போகும். பையைப் பொதுவாகக் காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும். முந்தைய இரவே வைத்தால் காக்கை கிழித்துவிடும் என்பதால் பல இடங்களில் தடை. காக்கைக்காகவே வலை போட்டு மூடுவார்கள். பழைய மெத்தை, மேசை போன்றவற்றுக்கு முன்பதிவு செய்து, கட்டணச் சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும். தொகுஷிமா மாவட்டத்தில் உள்ள கமிகாத்சு என்ற சிற்றூர் 2003இல் குப்பையே இல்லாத ஊராவோம் என்று அறிவித்து, 45 வகையாகப் பிரிக்கும் அளவுக்குப் போனது.

தவறாகக் கட்டிய பையை வண்டிக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். காரணம் எழுதிய சீட்டு ஒன்றை ஒட்டி அங்கேயே விட்டுப் போவார்கள். யாரும் வந்து திட்டமாட்டார்கள். சீட்டோடு பை கிடப்பதைத் தெரு முழுவதும் பார்க்கும், அது போதும். புதிதாக வந்த வெளிநாட்டவருக்கும் தெருவுக்கும் இடையே வரும் முதல் மனக்கசப்புக்குப் பெரும்பாலும் இந்தப் பைதான் காரணம்.

கோட்டுக்கு வெளியே

அந்நாட்டு ஊர்க்கட்டுப்பாட்டுக்கு ‘முராஹச்சிபு’ என்று பெயர். ஊரார் கூடிச் செய்யும் பத்தில் எட்டைத் துண்டிப்பது என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள். மிச்சமுள்ள இரண்டு, தீப்பிடித்தால் அணைப்பது, செத்தால் அடக்கம் செய்வது. உள்ளே இருப்பது எவ்வளவு பாதுகாப்போ, தள்ளிவைக்கப்படுவது அவ்வளவு கொடுமை. பள்ளிகளில் நடக்கும் ஒதுக்கலிலும் இதே வடிவம்தான்.

வெளிநாட்டவரைக் குறிக்கும் ‘கைஜின்’ என்ற சொல்லின் முதல் எழுத்து, சொத்தோவை எழுதும் அதே எழுத்து. 2012 ஜூலைவரை வெளிநாட்டவருக்குத் தனிப்பதிவு. ஜப்பானியரை மணந்து ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் குடியிருப்போர் பதிவேட்டில் மற்ற குடும்பத்தாரைப் போல அவர்கள் அதுவரை பதிவாகவில்லை. ஐனு மக்களைப் பூர்வகுடிகள் என்று சட்டம் ஏற்றது 2019இல்தான். ஜப்பானியர் எல்லாரும் ஒரே வார்ப்பு என்று எழுதுகிறவர்கள் ஐனுக்களையும், ஒக்கினாவா மக்களையும், நான்கு தலைமுறையாக அங்கேயே வாழும் கொரியர்களையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த இரு சொற்களையும் வாய்விட்டுக் கேட்க வேண்டுமானால் பிப்ரவரி 3 வாக்கில் வரும் செத்சுபுன் அன்று போக வேண்டும். வறுத்த சோயாப்பயற்றை வீட்டிலிருந்து வெளியே எறிந்து ‘ஒனி வா சொத்தோ’ என்று கத்துவார்கள், பேயே வெளியே போ. பிறகு உள்பக்கம் எறிந்து ‘ஃபுக்கு வா உச்சி’, நற்பேறே உள்ளே வா. எறிந்த பிறகு அவரவர் வயதுக்கு ஈடான எண்ணிக்கையில் பயறு தின்பார்கள். நாரா மாவட்டத்தின் யோஷினோ மலையிலுள்ள கின்புசென்ஜி கோயிலில் கூச்சல் வேறு மாதிரி. நாடெங்கும் விரட்டியடிக்கப்பட்ட பேய்கள் அங்கே வந்து சேர்வதாக ஐதீகம். அவற்றைப் பார்த்து அங்கே சொல்வது: ‘ஃபுக்கு வா உச்சி, ஒனி மொ உச்சி.’ நற்பேறும் உள்ளே, பேயும் உள்ளே.